குடிநோயும் மனநோயும் ஒருங்கே புகுந்த இல்லம்

நாள்தோறும் குடிப்பதை வழக்கமாகக் கொண்ட ஒருவர் விரதத்தின் பொருட்டுக் குடியை அறவே நிறுத்துகிறார். முதல் நாள் கைகள் நடுங்குகின்றன, உறக்கம் வரவில்லை. மனைவியோ, பல ஆண்டுகளுக்குப் பின் தெளிந்த நிலையில் வீடு திரும்பிய கணவரைக் கண்டு அகமகிழ்கிறார். மூன்றாம் நாள் இரவு அவர் சுவரெங்கும் பூச்சிகள் ஊர்வதாகக் கூவுகிறார். பெற்ற மகளை அடையாளம் காணாது விரட்டுகிறார். உடல் வியர்வையில் நனைந்து அனலாய்க் கொதிக்கிறது. பேய் பிடித்தது என்பர் சிலர். சித்தம் கலங்கியது என்பர் சிலர். பொழுது விடிந்ததும் கைகால்களைக் கட்டி ஏதேனும் ஒரு வழிபாட்டிடத்திற்குக் கொண்டுசெல்ல ஏற்பாடாகிறது.

வடநாட்டில் நவராத்திரியின்போதும், மராட்டியத்தில் சிராவண மாதத்திலும், தெற்கே சபரிமலைக்கு மாலையணியும் காலத்திலும் இத்தகைய நிகழ்ச்சிகள் நேர்வதுண்டு. விரதம் ஒன்றே காரணமன்று. எலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்தவருக்கும், காவலில் வைக்கப்பட்டவருக்கும், கையில் காசின்றி இரண்டு நாள் வீட்டில் கிடந்தவருக்கும் இதுவே நேரலாம். அந்நேரத்தில் மனைவி பெரும்பாலும் மருத்துவரிடம் ஓடுவதில்லை. தமக்குத் தெரிந்த கிராமச் செவிலியரிடமோ, ஆஷா பணியாளரிடமோ, பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரிடமோதான் வருகிறார். அவர்கள் கூறும் முதல் யோசனை ஓர் உயிரைக் காக்கவும் கூடும், போக்கவும் கூடும்.

நடுக்கமும் பிதற்றலும்

மது மூளையின் இயக்கத்தைத் தணிக்கும் பொருள். நாள்தோறும் மிகுதியாக உட்கொள்பவரின் மூளை, இத்தணிப்பை எதிர்த்துத் தன் இயக்கத்தை முடுக்கிக்கொள்கிறது. மது திடீரென நின்றுவிட்டால் முடுக்கம் மட்டும் எஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த 6 மணி முதல் 24 மணி நேரத்திற்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு ஆகியவை தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையுள்ள காலமே மிக அஞ்சத்தக்கது. நாள், இடம், ஆள் தெரியாத பிதற்றலும், இல்லாதவற்றைக் காணுதலும், காய்ச்சலும், நாடித்துடிப்பின் விரைவும் அப்போது சேர்ந்து வரக்கூடும். சிகிச்சையின்றி விட்டால் இந்நிலை மரணத்தில் முடிவதும் உண்டு.

இது பேயுமன்று, நிலையான பைத்தியமுமன்று. சில நாள் மருத்துவத்தில் தெளியக்கூடிய உடற்கோளாறு. உள்நோயாளியாகச் சேர்த்து, மூளையின் முடுக்கத்தைப் படிப்படியாகத் தணிக்கும் மருந்துகளைக் கொடுப்பர். கூடவே தயமின் என்னும் ‘பி1’ வைட்டமினை ஊசி மூலம் செலுத்துவர். குடிநோயாளிகளின் உடலில் இச்சத்து பெரிதும் குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் சர்க்கரை நீரை மட்டும் நரம்பில் ஏற்றினால், நினைவாற்றலை நிலையாகப் பறிக்கும் மூளைச்சேதம் விளையக்கூடும். ஆகவே, நோயாளி மது அருந்துபவர் என்ற செய்தியை மருத்துவரிடம் மறைக்கலாகாது. மானத்துக்கு அஞ்சி, வெறுங்காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிடுகின்ற குடும்பங்கள் பல.

ஒருவர் குடியை நிறுத்த முன்வரும்போது களப்பணியாளர் கேட்டறிய வேண்டியவை சிலவே: நாளொன்றுக்கு எவ்வளவு குடிக்கிறார்? காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா? கடைகளில் ‘குவார்ட்டர்’ என வழங்கும் 180 மில்லி லிட்டர்ப் புட்டியில் ஏறத்தாழ 60 கிராம் தூய சாராயம் அடங்கியுள்ளது. நாள்தோறும் இவ்வளவோ இதற்கு மேலோ குடிப்பவர் மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்துதல் வேண்டும்.

எது முன், எது பின்?

குடியும் மனநோயும் ஒரே ஆளிடம் காணப்படும்போது, இவற்றுள் எது காரணம், எது விளைவு என்ற வினா எழுகிறது. மனைவிக்கு இது வெறும் ஆராய்ச்சி வினாவன்று. ‘குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று உறவினர் ஒருபுறம் கூறுவர். ‘மனம் சரியில்லாததால்தான் குடிக்கிறார், விட்டுவிடுங்கள்’ என்று மறுபுறம் கூறுவர். இரு கூற்றிலும் சிறிதளவு உண்மையுண்டு. முழு உண்மை ஒன்றிலும் இல்லை.

நெடுநாள் குடி தானே மனச்சோர்வை உண்டாக்கும். இவ்வகைச் சோர்வு, குடி நின்ற இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் தானாகவே தணியும். அதன் பின்னும் நீடித்தால் அது தனி நோய் எனக் கருதி மருத்துவம் செய்வர். வேறு சிலரிடம் மனநோயே முந்தியது. உறக்கமின்மை, காரணமற்ற அச்சம், காதில் ஒலிக்கும் குரல்கள் ஆகியவற்றின் தொல்லை தாளாது மதுவை மருந்தாக்கிக்கொள்கின்றனர். முதலில் சற்றுத் தணிவு கிட்டும்; பின்னர் இரண்டும் சேர்ந்து வளரும். மனவெழுச்சி நோயாளரோ, எழுச்சி மிகும் பருவத்தில் மட்டும் அளவிறந்து குடித்துப் பணத்தை வாரியிறைத்துவிட்டு, அடுத்த பருவத்தில் மூலையில் முடங்கிக் கிடப்பர். இன்னும் சிலருக்குச் சுயநினைவு தெளிவாக இருக்கையிலேயே, பழித்துப் பேசும் குரல்கள் மட்டும் கேட்கும். இது மேற்கூறிய மூன்றாம் நாள் பிதற்றலினின்றும் வேறானது.

இவற்றைப் பிரித்தறிதல் மருத்துவரின் வேலை. ஆனால் அதற்கு வேண்டிய சான்று மனைவியின் நினைவில்தான் இருக்கிறது. திருமணமான புதிதில் எவ்வாறிருந்தார்? குடிக்காதிருந்த மாதங்களில் உறக்கமும் பேச்சும் எப்படி? முதன்முதல் மாறுதல் எந்த ஆண்டில்? இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பும் ஆசிரியர், மருத்துவருக்குப் பேருதவி செய்தவராவார். இரண்டு நோய்க்கும் ஒரே காலத்தில் சிகிச்சை தேவை. ‘குடியை விட்டுவிட்டு வாரும், பிறகு மனநோயைப் பார்ப்போம்’ என்று திருப்பியனுப்புவது முறையன்று. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியுள்ளது.

இறந்துவிடப் போவதாகக் கணவர் பேசினால், அது குடிவெறியின் பேச்சென்று தள்ளலாகாது. காத்திருந்து பார்க்கும் நான்கு வாரக் கணக்கும் இங்கே பொருந்தாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அன்றே அதை அப்புறப்படுத்துதல் வேண்டும்.

மனைவியின் மீது சுமத்தப்பட்ட பழி

‘அவள் சரியாக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்?’ என்ற பேச்சு நம் ஊர்களில் மட்டும் எழுந்ததன்று. 1950 வரையிலும் அதன் பின்னரும், மேல்நாட்டு மனநூலார் சிலரே குடிநோயாளியின் மனைவியிடம் அடிப்படையான மனக்கோளாறு இருப்பதாகவும், அதன் காரணமாகவே அவள் அத்தகைய கணவனைத் தேர்ந்தாள் என்றும் எழுதி வந்தனர். 1954 ஆம் ஆண்டில் ஜோன் ஜாக்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், சியாட்டில் நகரக் குடும்பங்களை ஆராய்ந்து வேறொரு விளக்கம் தந்தார். முதலில் மறுத்தல், பிறகு மறைத்தல், தடுக்க முயலுதல், குலைதல், கணவரை விலக்கிக் குடும்பத்தைச் சீரமைத்தல் எனப் பல படிகளை இக்குடும்பங்கள் கடக்கின்றன; மனைவியிடம் காணப்படும் பதற்றமும் சினமும் நீண்ட நெருக்கடியின் விளைவுகளே என்றார் அவர். இங்கிலாந்தில் ஜிம் ஆர்ஃபோர்டும் அவருடைய கூட்டாளிகளும் பின்னர் செய்த ஆராய்ச்சிகள் இக்கருத்தையே வளர்த்தன. பெருஞ்சுமையின் கீழ் அகப்பட்ட சாதாரண மனிதர் என்ன செய்வாரோ அதையே இம்மனைவியரும் செய்கின்றனர் என்பது அவற்றின் சாரம். அறிவியலே ஒரு காலத்தில் ஊர்வாயோடு சேர்ந்து பேசியது என்பதைக் களப்பணியாளர் நினைவில் வைத்தல் நன்று.

ஆர்ஃபோர்டு குழுவினர் மூவகை நடத்தையைக் குறிப்பிட்டனர். எதிர்த்து நின்று மாற்ற முயலுதல் ஒன்று. பொறுத்துக்கொண்டு இடங்கொடுத்தல் மற்றொன்று. ஒதுங்கித் தன் வாழ்வைத் தனியே நடத்துதல் இன்னொன்று. ஒரே பெண் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் கைக்கொள்வது இயல்பு. இவற்றுள் எது சிறந்தது என்று வெளியிலிருப்பவர் தீர்ப்புக் கூறுவதற்கில்லை. ஆனால், கணவரின் வேலையிடத்துக்குப் பொய் சொல்லி விடுப்புக் கேட்பதும், கடனை வாங்கிக் கடனை அடைப்பதும், விழுந்து கிடந்தவரைத் துடைத்துப் படுக்கவைத்து மறுநாள் ஒன்றும் நடவாததுபோல் இருப்பதும் குடியின் விளைவுகளை நோயாளி காணாதவாறு மறைத்துவிடுகின்றன. அன்பினால் செய்யப்படுவனவே, எனினும் நோய்க்கு வசதி செய்கின்றன.

உணவில் கலக்கும் பொடி

குடிப்பவர் அறியாமலே குடியை நிறுத்தும் என்ற விளம்பரத்துடன் பொடிகளும் சொட்டுமருந்துகளும் விற்கப்படுகின்றன. அலைந்து சலித்த மனைவியர் இவற்றை வாங்கிக் குழம்பிலோ காப்பியிலோ கலந்துவிடுகின்றனர். டைசல்பிராம் என்னும் மாத்திரையைப் பொடித்து இவ்வாறு கொடுப்போரும் உளர்.

டைசல்பிராம் நல்ல மருந்து. 1940களில் டென்மார்க்கு நாட்டினர் இதன் மதுவெறுப்பு ஆற்றலைக் கண்டறிந்தனர். மது உடலில் சிதையும்போது அசிட்டால்டிஹைடு என்னும் நஞ்சு இடையில் தோன்றி உடனே மாற்றப்படுகிறது. அம்மாற்றத்தை இம்மருந்து தடுக்கிறது. ஆகவே இம்மருந்தை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து துன்புறுவார். இதயநோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை இவ்விளைவு நீடிக்கக்கூடும். சித்தப்பிரமை உள்ளவருக்கு அதை இம்மருந்து மிகுவிக்கவும் கூடும். நோயாளி அறிந்து, இசைந்து, மருத்துவர் ஈரலையும் இதயத்தையும் சோதித்த பின், மனைவியின் எதிரிலேயே நாள்தோறும் விழுங்குவதென ஒப்பந்தம் செய்துகொண்டால் இது நற்பயன் தருகிறது. அறியாமல் கொடுத்தலே கேடு.

இதில் வேறொரு ஆபத்தும் அடங்கியுள்ளது. மனைவி தமக்கு நஞ்சிடுகிறாள் என்று ஏற்கெனவே ஐயுறும் நோயாளி, ஒரு நாள் அடுக்களையில் அப்பொடியைக் கண்டெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பிரமைக்குக் கண்கூடான சான்று கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு மருத்துவர் தரும் மாத்திரையையும் அவர் தொடமாட்டார்.

ஐயமும் அடியும்

குடிநோயாளர் சிலரிடம், மனைவியின் ஒழுக்கத்தைப் பற்றிய ஐயம் பிரமையாக வேரூன்றுகிறது. முதலில் குடித்த வேளையில் மட்டும் எழும் இப்பேச்சு, பின்னர் தெளிந்த வேளையிலும் தொடர்கிறது. துணிகளைச் சோதிப்பார், கைப்பேசியைப் பறிப்பார், பின்தொடர்வார். எத்தனை சத்தியம் செய்தாலும் ஐயம் தீராது, ஏனெனில் அது சான்றிலிருந்து பிறந்ததன்று. அமைதியை நாடி, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பெண்களும் உண்டு; இது மிகக் கொடிய விளைவுக்கு வழிவகுக்கும். வாதிடாமலும் ஒப்புக்கொள்ளாமலும் பேச்சை முடித்து, அவ்விடம் விட்டு அகல்வதே தக்கது. கொலையில் முடியக்கூடிய மனநிலைகளுள் இதுவும் ஒன்று என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். ஆதலின் இச்செய்தி காதில் விழுந்தால் களப்பணியாளர் அதைக் குடும்பச் சண்டையாகக் கொள்ளாது மருத்துவ அவசரமாகக் கொள்ள வேண்டும்.

எந்த வீட்டுக்குப் போவது, எவ்வழியில் போவது, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எங்கே இருப்பது என்பவற்றை அமைதியான ஒரு நாளில் முடிவு செய்துகொள்ளுதல் வேண்டும். உடனடி ஆபத்தில் 112, மகளிர் உதவிக்கு 181. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அடித்தல் மட்டுமன்றி, வசைமொழியும், வீட்டுச் செலவுக்குப் பணம் தராது வாட்டுதலும் வன்முறையே. கூட்டாக வாழ்ந்த இல்லத்தில் தொடர்ந்து வசிக்கும் உரிமையும் மனைவிக்கு உண்டு. பாதுகாப்பு அலுவலர் வழியே நீதிமன்றத்தை அணுகலாம். கணவர் நோயாளி என்பதால் மனைவி அடிபட வேண்டுமென்பதில்லை. பாதுகாப்பை நாடுவதால் சிகிச்சைக்குத் துரோகம் செய்தவளாகவும் ஆகமாட்டாள்.

சிகிச்சைக்கு இசையாத, தமக்கோ பிறருக்கோ தீங்கிழைக்கும் நிலையிலுள்ள நோயாளியை, அவருடைய நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், இருவர் தனித்தனியே சோதித்த பின் 30 நாள் வரை சேர்த்துச் சிகிச்சை தர 2017 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அவ்விருவரில் ஒருவர் மனநல மருத்துவராக இருத்தல் வேண்டும். சங்கிலியால் பிணைப்பதை அதே சட்டம் தடுக்கிறது. 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்பியோட இயலாது மாண்டனர். இறந்தோர் 28 பேர். கட்டி இழுத்துச் செல்ல முனையும் உறவினரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மனைவியால் ஆகக்கூடியது

கணவரின் நோயை மனைவி உண்டாக்கவில்லை. அவரால் அதைக் குணப்படுத்தவும் இயலாது. எனினும் அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்பது பிழை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடத்தப்பெற்று 1999 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளரின் உறவினர் 130 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். தக்க பயிற்சி பெற்ற பிரிவினரின் நோயாளருள் 64 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வந்தனர். குடும்பத்தார் கூடி நோயாளியை நேருக்குநேர் வற்புறுத்தும் முறையில் இது 30 விழுக்காடு. உறவினர் தம்முள் கூடி ஆறுதல் பெறும் சங்க முறையில் 13 விழுக்காடு. அச்சங்கங்களின் நோக்கம் நோயாளியை இழுத்து வருவதன்று, உறவினரின் மன அமைதியே என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக் கூறவேண்டும்.

அப்பயிற்சியில் மாயம் ஒன்றுமில்லை. குடியாத மாலைகளை மனைவி இனியவை ஆக்குகிறார்: பிடித்த உணவு, உடன் அமர்ந்து பேசுதல். குடித்து வந்தால் சண்டையின்றி விலகிக்கொள்கிறார். போதையில் இருப்பவரிடம் வாதம் செய்வதில்லை. மறுநாள் தெளிந்த வேளையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறார். சிகிச்சையைப் பற்றிய பேச்சை எப்போது எடுப்பது என்பதே முக்கியம். வேலையிடத்தில் தலைகுனிவு ஏற்பட்டபோதோ, மகள் அழுதபோதோ அவரே வருந்தும் வேளை ஒன்று வரும். அன்றே போகத்தக்க இடத்தையும் நேரத்தையும் முன்னரே கேட்டு வைத்திருத்தல் வேண்டும். அடிக்கும் இயல்புடையவரின் வீட்டில் இம்முறைகளைத் தனியே கைக்கொள்ளாது, பயிற்சி பெற்றவரின் துணையுடன் செய்வதே தகும்.

போகத்தக்க இடம் எது? 2019 இல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட நாடு தழுவிய அளவீட்டின்படி, மதுவினால் தொல்லையுற்று உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிப் பேர். அவர்களுள் முற்றும் அடிமைப்பட்டோர் 2.9 கோடி. அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருந்தார். குடிப்போரில் பெண்கள் மிகச் சிலரே. ஆயினும், மனைவி குடிநோயாளியாயின் கணவர் அவரை மருத்துவரிடம் அழைத்துவருவது இன்னும் அரிது, அவமானம் இருமடங்கு என்பதால்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர், அரசு மருத்துவமனை, அமைச்சகத்தின் உதவி பெறும் மறுவாழ்வு மையங்கள் ஆகியவை உள்ளன. 14446 என்ற எண் போதை மீட்பு ஆலோசனைக்கும், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸின் 14416 என்ற எண் மனநல ஆலோசனைக்கும் உரியவை, இரண்டும் கட்டணமற்றவை. மனநல மருத்துவர் அருகில் இல்லையென்று சோர வேண்டியதுமில்லை. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மருத்துவத் தொழில் பயிலாத உள்ளூர் ஆலோசகர்கள் சில அமர்வுகளில் பேசியதன் பயனாக, மூன்று மாத முடிவில் 36 விழுக்காட்டினர் தீங்கு தரும் குடியிலிருந்து மீண்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோருள் இது 26 விழுக்காடு. வேறுபாடு பெரிதன்று, செலவோ மிகச் சிறிது.

மனைவியின் உடல்நிலையையும் கேட்டறிதல் வேண்டும். தலைவலி, உடல்வலி, உறக்கமின்மை என்று அவர் சுகாதார நிலையத்துக்கு அடிக்கடி வருவார். கணவரைப் பற்றி வாய் திறவார். வலிமாத்திரை பெற்றுத் திரும்பும் அவரை அடுத்த முறை தனியே அமரவைத்து வீட்டு நிலைமையைக் கேட்பது செவிலியரால் ஆகும் காரியம். 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்தியாசாகர் நோயாளரின் குடும்பத்தாரையும் வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். நோயைப் பற்றி நாள்தோறும் அவர்களுக்கும் எடுத்துரைத்தார். குடும்பத்தாரும் கவனிப்புக்குரியவர் என்னும் இக்கொள்கையைச் சென்னையில் 1980 முதல் இயங்கிவரும் டி.டி.கே. மருத்துவமனை போன்றவை குடிநோய்ச் சிகிச்சையிலும் பின்பற்றி, மனைவியருக்கெனத் தனி வகுப்புகள் நடத்துகின்றன.

சிகிச்சை முடிந்து திரும்பியவர் மீண்டும் குடிக்க நேர்வது பெருவழக்கு. நீரிழிவோ இரத்த அழுத்தமோ மீண்டும் ஏறுவதைப் போன்றதே அது. முதல் சறுக்கலிலேயே மருத்துவரிடம் திரும்பினால் இழப்பு குறைவு. மனநோய்க்கான மாத்திரையைக் குடித்த நாளில் விழுங்குவதா விடுவதா என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழும். மருந்துக்கு மருந்து விடை வேறுபடுமாதலால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளியில் தெரிவது

இத்தகைய வீட்டின் செய்தி சுகாதாரப் பணியாளருக்கு எட்டும் முன்னரே ஆசிரியருக்கு எட்டிவிடுகிறது. சம்பள நாளுக்கு மறுநாள் வராத சிறுவன், முதல் பாடவேளையிலேயே உறங்கிவிடும் சிறுமி, தம்பி தங்கையரைத் தானே குளிப்பாட்டி அழைத்துவரும் மூத்த பெண் ஆகியோரை அவர் நாள்தோறும் காண்கிறார். தன்னால்தான் தந்தை குடிக்கிறார், தான் நன்றாகப் படித்தால் நிறுத்திவிடுவார் என்று குழந்தைகள் நம்புவதுண்டு. வகுப்பின் நடுவே வினவுதல் கூடாது; தனியே, அது நோய் என்றும், அக்குழந்தை செய்த பிழையால் வந்ததன்று என்றும் ஒருமுறையேனும் வாய்விட்டுக் கூறுதல் வேண்டும். அடிபட்ட தழும்பு கண்டால் 1098 என்ற சிறுவர் உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். மாலையில் விளக்கும் அமைதியும் இல்லாத வீட்டுக்குச் செல்லும் பிள்ளை வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடித்துச் செல்லுமாறு, வகுப்பறையை அரைமணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கலாம்.